நறநற

மக்களே, பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. "என்னாச்சு, ஆளையே காணோம்"னு தனிமடல்ல விசாரிச்ச ரெண்டு பேருக்கும் (ஆமா, ரெண்டே ரெண்டு பேர்தான், அவ்வ்வ்) நன்றி. இந்தப் பதிவு அதுக்கான பதில்தான். கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

மொதல்ல ஒரு சின்ன வேலை. இந்த வரியைப் படிக்கிற இந்த நேரத்துல உங்க மேல் பல்லும் கீழ் பல்லும் ஒட்டியிருக்கா, பிரிஞ்சிருக்கா? மாத்த வேண்டாம், சும்மா கவனிச்சுக்குங்க. விஷயத்துக்கு அப்புறம் வர்றேன்.

இப்ப கொசுவத்தியைச் சுத்தவும். வருசம் 2022, ஆகஸ்ட் மாசம். காலைல எந்திரிக்கும்போதே ரெண்டு பக்கப் பொட்டுலயும் யாரோ கயிறு கட்டி இழுக்கிற மாதிரி தலைவலி. வலது காதுக்குள்ள ஒரு குத்தல். இட்லி சாப்பிடவே தாடை வலிக்கும். இட்லிக்கே இந்தக் கதின்னா முறுக்கு பத்தி நீங்களே யோசிச்சுக்குங்க.

கண் டாக்டர் கண்ணாடி நம்பரை மாத்தினார். காது டாக்டர் எட்டிப் பார்த்துட்டு "காது சுத்தமா இருக்கு"ன்னுட்டார். நரம்பு டாக்டர் எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார். பதினஞ்சு நிமிசம் அந்தக் குழாய்க்குள்ள டம்டம்னு அடி வாங்கிட்டு வந்தா, ரிப்போர்ட்ல எல்லாம் நார்மல். "அப்ப மூளை இருக்குன்னு உறுதியாயிருச்சு"ன்னாங்க தங்கமணி. சந்தோசப்படறதா வேண்டாமான்னு தெரியலை.

அதே தங்கமணிதான் ஒருநாள் காலைல காபியைக் கொடுத்துட்டு, "என்னங்க, ராத்திரி மூணு மணிக்கு எலி கட்டையைக் கரண்டுற மாதிரி சத்தம் கேட்டுச்சு. லைட்டைப் போட்டுப் பாத்தா நீங்க"ன்னாங்க. பல்லைக் கடிக்கிறேனாம். நாம பின்னூட்டத்துல கோவம் வந்தா "நறநற"ன்னு டைப் அடிச்சுட்டுப் போவோமே, அதை நான் நெசமாவே தூக்கத்துல பண்ணிட்டு இருந்திருக்கேன்.

சின்ன வயசுல பல்லைக் கடிச்சா எங்க அப்பத்தா "வயித்துல பூச்சி"ன்னு சொல்லி வேப்பங்கொழுந்தை அரைச்சு வாயில திணிக்கும். நாப்பத்தி மூணு வயசுல வேப்பங்கொழுந்து சரிப்படாதுன்னு ஒரு பல் கிளினிக்குக்குப் போனேன்.

நல்ல ஏசி, நல்ல சோபா. டாக்டர் இளைஞர். தாடையை எக்ஸ்ரே எடுத்து, கலர் தாளைக் கடிக்கச் சொல்லி, கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டினார். "சார், உங்க கீழ்த்தாடை வலது பக்கம் தள்ளியிருக்கு. கடி சரியா உக்காரலை. அதான் எல்லாத்துக்கும் மூலம். கடி தப்பா இருந்தா மூளை எந்நேரமும் அபாயத்துல இருக்கிறதா நினைச்சுக்கும். தூக்கம், ஞாபகம், கோபம் எல்லாம் கெடும்." சொன்னதோட நிக்காம, ஜப்பான் ஆராய்ச்சின்னு ரெண்டு அச்சடிச்ச தாளையும் கையில கொடுத்தார். சிகிச்சை என்னன்னா, மேல கீழ எல்லாப் பல்லையும் சீவி, எல்லாத்துக்கும் தொப்பி போட்டு, கடியைப் புதுசா கட்டறது. ரெண்டரை லட்சம். தவணை வசதி உண்டு.

சிரிக்காதீங்க, நான் கிட்டத்தட்ட சரின்னுட்டேன். ஏன்னா அவர் சொன்ன 'கோபம்'ங்கிற வார்த்தை எனக்குள்ள எங்கேயோ போய் உக்காந்துக்கிச்சு. அந்த ஒரு வருசத்துல நான் வீட்டுல சிடுசிடுன்னு ஆகியிருந்தது எனக்கே தெரியும். அதுக்குக் காரணம் நான் இல்ல, என் தாடைன்னு ஒருத்தர் சொன்னா யாருக்குத்தான் பிடிக்காது?

வீட்டுக்கு வந்து அந்தத் தாள்களை வச்சுக்கிட்டு ராத்திரி ராத்திரியா இணையத்துல மேஞ்சேன். டாக்டர் பொய் சொல்லலை. ஜப்பான்ல எலிகளோட கடைவாய்ப் பல்லு மேல பல் அடைக்கிற பொருளைக் கொஞ்சம் பூசி, கடியை உசரமாக்கி விட்டிருக்காங்க. அந்த எலிகளோட ரத்தத்துல கார்ட்டிகோஸ்டிரோன் ஏறுது. நமக்குக் கார்ட்டிசால் மாதிரி எலிகளுக்கு அதுதான் நெருக்கடி ஹார்மோன். வயசான எலிகளா இருந்தா, தண்ணித் தொட்டிக்குள்ள ஒளிஞ்சிருக்கிற மேடையை ஞாபகம் வச்சு நீந்திப் போறதுல தடுமாறுதுங்க. மூளையில ஞாபகத்துக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் பகுதியில பாதிப்பு தெரியுது. மனுசங்கள்லயும் சின்ன அளவுல பண்ணியிருக்காங்க. கீழ்த்தாடையைப் பின்னால தள்ளி வைக்கிற தகட்டைப் போட்டுக் கடிக்கச் சொல்லி எஃப்எம்ஆர்ஐ எடுத்தா, முன்மூளையில இயக்கம் கூடுது.

இதுக்குப் பின்னால உடற்கூறும் இருக்கு. முகத்துலயும் பல்லுலயும் இருந்து சேதி கொண்டு போறது ஐந்தாவது மூளை நரம்பு, ட்ரைஜெமினல். மூணு கிளை உள்ளது. சாதாரணமா தொடுஉணர்ச்சி நரம்புகளோட செல்லெல்லாம் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியில கொத்துக் கொத்தா இருக்கும். ஆனா தாடைத் தசை எவ்வளவு இழுபடுது, பல்லு மேல எவ்வளவு அழுத்தம் விழுதுன்னு சொல்ற நரம்புகள்ல பலதோட செல் மட்டும் மூளைத்தண்டுக்கு உள்ளேயே போய் உக்காந்திருக்கு. ஒரு தலைமுடியை விட மெல்லிசா ஏதாவது பல்லுக்கு நடுவுல மாட்டினாலும் நாம கண்டுபிடிச்சுடறது இந்த மாதிரி உணர்விகளாலதான். அந்த செல்கள் இருக்கிற இடத்துக்குப் பக்கத்து வீடு 'லோகஸ் செருலியஸ்'. மூளை முழுக்க நார்அட்ரினலினை அனுப்பி "முழிச்சுக்கோ, உஷாரு"ன்னு எழுப்புற இடம். அதாவது தாடையும் பதட்டமும் ஒரே சந்துல குடியிருக்கு.

இதெல்லாம் படிச்சதும் எனக்கு உறுதியாயிருச்சு. வங்கிக் கடனுக்கு விண்ணப்பம் கூட எடுத்துட்டேன். அப்பதான் நண்பர் ஒருத்தர், "எங்கக்கா பல் மருத்துவக் கல்லூரியில பேராசிரியர். பல்லைச் சீவறதுக்கு முன்னாடி ஒரு தடவை காட்டிட்டுச் சீவு"ன்னார்.

அந்த மேடம் அரை நிமிசம் தாடையைத் தொட்டுப் பாத்தாங்க. கன்னத்துத் தசையை அழுத்தினப்ப எனக்கு உசிரு போச்சு. எக்ஸ்ரேயைப் பாத்துட்டு கேட்டாங்க, "தாடை எப்பருந்து கோணல்?"

"பதினொரு வயசுல சைக்கிள்ல இருந்து விழுந்தேன் மேடம். தாவாங்கட்டை தரையில அடிச்சுது. ஸ்கூல்ல கோணவாயன்னுதான் கூப்பிடுவாங்க."

"வலி எப்பருந்து?"

"ஆகஸ்ட்டுல இருந்து."

அவங்க ஒண்ணும் சொல்லலை. என்னையே பாத்துட்டு இருந்தாங்க. எனக்கே உறைச்சுது. முப்பத்திரெண்டு வருசமா கோணலா இருந்த தாடை, அத்தனை கரும்பையும் கடலை மிட்டாயையும் மென்னு தள்ளின தாடை, திடீர்னு ஒரு ஆகஸ்ட் மாசம் ஏன் மூளைக்குத் தொல்லை கொடுக்க ஆரம்பிச்சுது?

"எலி ஆராய்ச்சி தப்பில்ல. ஆனா அது ராவோட ராவா கடியை மாத்தி வச்ச எலி"ன்னாங்க மேடம். "உங்களுக்கு இது பழகின வாய்." அப்புறம் அவங்க சொன்னதையும், அவங்க சொல்லி நான் தேடிப் படிச்சதையும் சேர்த்தே தர்றேன்.

இந்த 'கடிதான் காரணம்'ங்கிற கதை பழசு. 1934-ல அமெரிக்காவுல ஜேம்ஸ் காஸ்டன்னு ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர், காதுவலி, தலைவலின்னு வந்த 11 பேரைப் பத்தி எழுதினார். கடைவாய்ப் பல்லு போனதால தாடை மூட்டு அழுந்தித்தான் இதெல்லாம் வருதுன்னார். அதுல இருந்து பல தலைமுறை பல் மருத்துவர்கள் கடியை நேராக்கிக்கிட்டே இருந்தாங்க. 1976-ல சிகாகோவுல ஒரு குறும்பான சோதனை வெளியாச்சு. தாடை வலின்னு வந்த 25 பேருக்கு, பல்லைச் சீவி கடியைச் சரி பண்ற மாதிரி பாவனை மட்டும் செஞ்சாங்க. கடியைத் துளி கூட மாத்தலை. 16 பேருக்கு வலி முழுசாவோ பெரும்பாலுமோ போயிடுச்சு!

அப்புறம் 2006-ல அமெரிக்காவுல தொடங்கின ஓப்பெரா ஆய்வு. தாடை வலியே இல்லாத 3,000-க்கும் மேற்பட்டவங்களைச் சேர்த்து, வருசக்கணக்குல பின்தொடர்ந்து, யாருக்குப் புதுசா வலி வருதுன்னு பாத்தாங்க. உடம்புல வேற வேற இடத்துலயும் உபாதை இருக்கிறவங்க, தூக்கம் கெட்டவங்க, மன அழுத்தத்துல இருக்கிறவங்க, இவங்களுக்குத்தான் அதிகமா வந்துச்சு. 2021-ல அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் தன் மருத்துவர்கள்கிட்ட கேட்டப்ப, பத்துக்கு ஏழு பேருக்கு மேல "கொரோனா வந்ததுல இருந்து பல்லைக் கடிக்கிறவங்க அதிகமாயிட்டாங்க"ன்னு சொன்னாங்க. ஊரே ஒட்டுமொத்தமா அந்த ஒரு வருசத்துலயா தாடை கோணிக்கிச்சு?

தூக்கத்துல கடிக்கிறதையும் நொடி நொடியா அளந்திருக்காங்க. மொதல்ல இதயத் துடிப்பு கூடுது, மூளை அலை வேகமாகி லேசா முழிப்பு தட்டுது. அதுக்கப்புறம்தான் தாடை அசையுது. எனக்கு அம்புக்குறி தலைகீழா திரும்பினது இங்கதான். தாடை மூளையை எழுப்பலை, மூளை எழுந்து தாடையை அசைக்குது.

அதே ஜப்பான்ல நடந்த இன்னொரு சோதனையை கிளினிக் டாக்டர் எனக்குத் தரலை. எலியை நகர முடியாம கட்டி வச்சா நெருக்கடி ஹார்மோன் எகிறுது. கட்டி வச்ச எலி கடிக்கிறதுக்கு ஒரு மரக்குச்சியைக் கொடுத்தா அந்த எகிறல் குறையுது. எங்க அப்பத்தா எந்தக் கஷ்டம் வந்தாலும் "பல்லைக் கடிச்சுக்கிட்டு இருடா, போயிரும்"னு சொல்லும். அதுக்கு எப்படித் தெரிஞ்சுதோ! கடிக்கிறது உடம்பு தனக்குத்தானே பண்ணிக்கிற ஒத்தாசை. ஆனா ஒரு நாள் ரெண்டு நாள் சரி. வருசக்கணக்குல குச்சியை விடாம கவ்விட்டு இருந்தா?

மேடம் ராத்திரிக்குப் போட ஒரு அக்ரிலிக் தகடு செஞ்சு கொடுத்தாங்க. "இது பல்லுக்கு ஹெல்மெட். தேயாம காப்பாத்தும். ஹெல்மெட் போட்டா ஆக்சிடென்ட் நடக்காதுன்னு நினைச்சுக்காதீங்க"ன்னாங்க. அடுத்து ஒரு வீட்டுப்பாடம். பேசும்போதும் மெல்லும்போதும் தவிர மத்த நேரத்துல பல்லும் பல்லும் தொடக்கூடாது. மென்னு முழுங்கறதெல்லாம் சேர்த்தே ஒரு நாளைக்கு இருபது நிமிசம் பல் ஒட்டினா ஜாஸ்தி. "'ன்'னு சொல்லி அப்படியே நிறுத்துங்க. நாக்கு எங்க நிக்குதோ அதுதான் அதோட வீடு. உதடு மூடி, பல்லு பிரிஞ்சு." (ரெண்டு சுழி ன தான் மக்களே, மூணு சுழி இல்ல. இலக்கணம் உடம்புக்கும் நல்லது!)

"எப்பெல்லாம் ஒட்டியிருக்குன்னு ஒரு வாரம் எழுதிட்டு வாங்க. கண்ணுல படற இடத்துல எல்லாம் ஒரு பொட்டு ஒட்டுங்க. பொட்டைப் பாத்தா பல்லைக் கவனிக்கணும்." தங்கமணியோட சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒரு அட்டை காலி. ஆபீஸ் கம்ப்யூட்டர், வண்டிக் கண்ணாடி, ஃபிரிட்ஜ், அப்பாவோட மாத்திரை டப்பான்னு வரிசையா ஒட்டினேன்.

ஆபீஸ் ஆணிதான் காரணம்னு பந்தயமே கட்டியிருப்பேன். ஒரு வாரம் எழுதின நோட்டைப் பாத்தா ஆபீஸ் நேரத்துல மொத்தமே ஆறு டிக். சாயங்காலம் ஏழு மணியில இருந்து ஒன்பது மணிக்குள்ள நாப்பத்தொன்பது.

அந்த ரெண்டு மணி நேரம் நான் அப்பாவோட இருக்கிற நேரம்.

அப்பா அரசு பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டையர் ஆனவர். மதுரையில எந்த ஸ்டாப்புக்கு எத்தனை டிக்கெட் இறங்கும்னு விரல் நுனியில வச்சிருந்த மனுசன். அம்மா 2016-ல போனாங்க. 2021-ல அப்பாவுக்கு மறதி நோய்னு சொல்லிட்டாங்க. அடுத்த வருசம் ஜூலை மாசம் கிராமத்துல இருந்து எங்ககூட கூட்டிட்டு வந்துட்டோம். ஆமா, வலி ஆரம்பிச்சதுக்கு முந்தின மாசம். நோட்டைப் பாக்கிற வரைக்கும் அந்தக் கணக்கை நான் போட்டே பாத்ததில்லை. போட்டுப் பாக்க விரும்பலைன்னும் சொல்லலாம்.

சாயங்காலம் ஆனா அவருக்குப் பரபரப்பு வந்துடும். சேர் நுனியில உக்காந்துக்கிட்டு, "தம்பி, பெரியார் வந்துருச்சா?"ன்னு கேப்பார். பெரியார் பஸ் ஸ்டாண்ட். "இது வீடுப்பா"ம்பேன். ரெண்டு நிமிசத்துல, "தம்பி, பெரியார் வந்துருச்சா?" மொத பத்து தடவை பொறுமையா சொல்வேன். அப்புறம் பல்லைக் கடிச்சுக்கிட்டு சொல்வேன். ஒருநாள் கத்திட்டேன். "பஸ்ஸும் இல்ல, பெரியாரும் இல்ல, பேசாம உக்காருங்க!" அப்பா பயந்து போய் ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டார், அடி வாங்கப் போற பையன் மாதிரி. சைக்கிள்ல விழுந்த அன்னைக்கு என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடின கை அது.

ரெண்டரை லட்சம் கொடுத்து எல்லாப் பல்லையும் சீவியிருந்தாலும் இது தீர்ந்திருக்காதுன்னு நோட்டைப் பாத்ததும் புரிஞ்சுது. தாடையைக் குத்தம் சொல்றது வசதியா இருந்துச்சு, அவ்வளவுதான்.

மேடம் சொல்லிக் கொடுத்த தாடைப் பயிற்சி, வெந்நீர் ஒத்தடம், மூச்சை மெதுவா விடறது எல்லாம் செஞ்சேன். 2023 கடைசியில பிஎம்ஜே இதழ்ல வந்த மருத்துவ வழிகாட்டியும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லுது. நாள்பட்ட தாடை வலிக்குப் பயிற்சி, தசையைப் பிடிச்சு விடறது, மனப்பழக்கத்தை மாத்தற சிகிச்சை இதெல்லாம் மொதல்ல. கடியை நிரந்தரமா மாத்திடற மாதிரியான தகடெல்லாம் வேண்டாம்னு அழுத்தமாவே எழுதியிருக்காங்க. கூடவே இன்னொண்ணும் செஞ்சோம். ஏழுல இருந்து எட்டு நானு, எட்டுல இருந்து ஒன்பது எங்க பையன்னு அப்பாகிட்ட ஷிப்ட் போட்டோம். கண்டக்டர் வீட்டுல ஷிப்ட் போடறதுக்கு என்ன வெக்கம்?

ஒருநாள் ஏழேகால் மணி. அப்பா ஃபிரிட்ஜ் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தார். நான் ஒட்டின சிவப்புப் பொட்டை விரலால தொட்டுப் பாத்துட்டு திரும்பினார்.

"அம்மா குளிக்கப் போயிருக்காளா?"

எங்க அம்மாவுக்கு அந்தப் பழக்கம் உண்டு. குளிக்கப் போறதுக்கு முன்னாடி நெத்திப் பொட்டை எடுத்துக் கையில கிடைக்கிற இடத்துல ஒட்டிட்டுப் போவாங்க. கண்ணாடி, பீரோ, பாத்ரூம் கதவு, எல்லாத்துலயும் பொட்டு இருக்கும். நான் மறந்தே போயிருந்தேன். அப்பாவுக்கு ஞாபகம் இருந்திருக்கு.

"அம்மா செத்து ஏழு வருசமாச்சுப்பா"ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பல்லு ஒட்டியிருந்தது. கண்ணு முன்னாடி பொட்டு. 'ன்'.

"ஆமாப்பா"ன்னேன்.

"சரி சரி, மெதுவா வரட்டும்"னு சொல்லிட்டுப் போய் சேர்ல உக்காந்தார். நுனியில இல்ல, நல்லா சாஞ்சு. அன்னைக்குப் பெரியார் வந்துருச்சான்னு நாலே தடவைதான் கேட்டார். நாலு தடவையும் "அடுத்த ஸ்டாப்புப்பா"ன்னேன்.

தலைவலி முழுசா போயிடலை. மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை வருது. தாடை இன்னும் கோணல்தான், முறுக்கு சாப்பிடறேன். ஃபிரிட்ஜ் பொட்டு நிறம் மங்கிடுச்சு. எடுத்துட்டுப் புதுசு ஒட்டலாம்னு தங்கமணி சொன்னாங்க. வேண்டாம், இருக்கட்டும்னுட்டேன்.

சரி, மேல ஆரம்பத்துல கேட்டேனே. இப்ப ஒட்டியிருக்கா, பிரிஞ்சிருக்கா?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, வலிச்சவன் மட்டும்தான். வாய் திறக்க முடியாம மாட்டிக்கிறது, அடிபட்டு எலும்பு விலகறது, மெல்லவே முடியாத அளவுக்குக் கடி கெட்டிருக்கிறதுன்னு நெசமாவே பல்லு, தாடை சார்ந்த தொல்லைகளும் உண்டு. அதுக்கெல்லாம் டாக்டர்தான் பதில் சொல்லணும். ஆனா நல்லா இருக்கிற பல்லைச் சீவணும்னு யாராவது சொன்னா, இன்னொருத்தர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. சீவின பல்லு திரும்ப வளராது.